செய்ந்நன்றியும் துண்டும்: ஊவாத் தோட்டங்களில் நன்றிகேடு என்னும் கருத்து

1

அறக்கருத்துக்கள் வெற்றிடத்தில் தோன்றுவனவல்ல. ஒரு சமூகத்தில் கொடுப்போர் யார், பெறுவோர் யார் என்பது எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளதோ, அதற்கேற்பவே நன்றி, நன்றிகேடு என்பனவும் அங்குப் பொருள் பெறுகின்றன. எவரும் மறுக்காத அறமாகத் தோன்றும் காரணத்தினாலேயே, நன்றியறிதல் என்னும் கருத்து ஆராய்ச்சிக்கு உட்படாமல் தப்பிவிடுகின்றது. 'பொய்யன்' எனப்பட்டவன் தான் சொன்னது மெய்யென நிறுவலாம். 'நன்றிகெட்டவன்' எனப்பட்டவனோ வாய் திறந்தாலே குற்றத்தை உறுதிசெய்தவனாகின்றான். அவன் கேட்கும் நியாயமே அவனது நன்றிகேட்டுக்குச் சான்றாகக் கொள்ளப்படும். இவ்வாறு எதிர்வாதத்தை முன்கூட்டியே அடைத்துவிடும் ஒரு குற்றச்சாட்டு, ஆள்வோருக்கு மிகவும் பயன்படும் குற்றச்சாட்டாகும்.

பதுளையை மையமாகக்கொண்ட ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் இக்கருத்து எவ்வாறு வழங்கிவந்தது, மலையக இலக்கியம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பசறை, லுணுகலை, மடூல்சீமை, ஹாலி எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை எனப் பரந்து கிடக்கும் இப்பிரதேசம், மலையகம் பற்றிய ஆய்வுகளில் நுவரெலியா, ஹற்றன் பகுதிகள் பெற்ற கவனத்தைப் பெறவில்லை. நமது பொருளுக்கு வேண்டிய வரலாற்றுச் சான்றுகள் இங்கேயே செறிவாகக் கிடைக்கின்றன.

2

முதலில் சொல்லைக் கவனிப்போம். இன்று 'நன்றி' என்பது பெற்றவர் கூறும் உபசாரச் சொல்லாக வழங்குகின்றது. பழந்தமிழில் அச்சொல்லின் முதன்மைப் பொருள் நன்மை என்பதே. 'செய்ந்நன்றி' என்பது செய்த நன்மை. 'செய்ந்நன்றியறிதல்' என்பது செய்யப்பட்ட நன்மையை நன்மையென அறிதல். இங்கு 'அறிதல்' என்னும் சொல் முக்கியமானது. ஏனெனில் அறிதல் என்பது ஒரு மதிப்பீட்டுச் செயல். நன்மை செய்யப்பட்டதா, செய்தது யார், எந்நிலையில் செய்தார் என்பவற்றைத் தெரிந்துகொண்ட பின்னரே நன்றியறிதல் நிகழமுடியும். செய்யப்படாத நன்மைக்கு நன்றியறிதல் என்பது சொல்லளவிலேயே முரண்பாடாகும்.

திருக்குறளின் பதினோராம் அதிகாரமான செய்ந்நன்றியறிதல், பெற்றவனை நோக்கிப் பேசுகின்றது. செய்த உதவியின் சிறுமை பெருமையைக் கருதாது அதனை நெஞ்சில் கொள்ளுமாறும், பிழையை அன்றே மறந்துவிடுமாறும் அது அவனுக்கு அறிவுறுத்துகின்றது. தோட்டத்துரையாயினும் கங்காணியாயினும் பிற்காலத்து அரசியல்வாதியாயினும், நன்றிகேட்டைப் பழித்துப் பேசுவோர் சார்ந்துநிற்பது இவ்வதிகாரத்தின் கருத்தையே. ஆனால் கொடுப்பவனை நோக்கிப் பேசும் வேறோர் அதிகாரமும் அந்நூலிலே உண்டு. ஒப்புரவறிதல் என்னும் அவ்விருபத்திரண்டாம் அதிகாரம், மழை பொழியும் மேகத்தை முன்னிறுத்தி, கைம்மாறு கருதாமையைக் கொடுப்பவனின் இலக்கணமாக்குகின்றது. இவ்விரு அதிகாரங்களையும் இணைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். நன்றியறிதல் பெற்றவனின் கடமை. அதனை வலிந்து கேட்கும் உரிமை கொடுத்தவனுக்கு வழங்கப்படவில்லை. கேட்டு வாங்கப்படும் நன்றி, வணிகத்தின் பாற்பட்டதாகிவிடும்.

புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், கொடும் பாவங்களுக்கும் கழுவாய் உண்டெனினும் செய்ந்நன்றி கொன்றார்க்கு உய்வில்லை என்னும் அறநூற் கருத்தைச் சோழன் கிள்ளிவளவன் முன் எடுத்துரைக்கின்றார். அங்கே பேசுபவர் புரவலனை அண்டிவாழும் புலவர். அக்காலப் படைமறவருக்கும் மன்னனுக்கும் இடையில் இருந்த உறவும் இத்தகையதே. மன்னன் உணவளிப்பான், மறவன் உயிரளிப்பான். பிற்காலக் காவிய மரபு இதனைச் செஞ்சோற்றுக்கடன் என வழங்கி, கும்பகர்ணனையும் கர்ணனையும் அதன் உருவங்களாக்கியது. தவறென அறிந்தும் உண்ட சோற்றுக்காக உயிர்விடும் அவ்விருவர் மீதும் தமிழ் மக்கள் கொண்ட இரக்கம் ஆழமானது. அந்த இரக்கத்தினுள்ளேயே ஒரு கேள்வியும் உறைந்திருக்கின்றது: சோறிட்டவன் அதர்மத்தின் பக்கம் நிற்பானாயின் நன்றி என் செய்யும்?

3

நிலமானிய உலகத்துக்குரிய இவ்வறம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாளித்துவப் பெருந்தோட்டத்துக்குள் எவ்வாறு கொண்டுவரப்பட்டது என்பதே அடுத்த வினா.

1817–1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் கடுமையாக அடக்கினர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுடைமையாகக் கருத இடமளித்தது. இவ்வாறு கைக்கொள்ளப்பட்ட நிலங்களில் முதலில் கோப்பியும், இலைநோயால் அது அழிந்த பின் தேயிலையும் பயிராயின. உழைப்பு தென்னிந்தியாவிலிருந்து வந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் முதலிய பகுதிகளில் பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் நிலமின்மையாலும் நலிந்த மக்களைக் கங்காணிமார் திரட்டிவந்தனர்.

கங்காணி முன்பணம் கொடுத்தவன்; அதேவேளை ஊரவன், பல சந்தர்ப்பங்களில் உறவினன், பெரும்பாலும் தனக்குக் கீழுள்ளோரிலும் உயர்வாகக் கருதப்பட்ட சாதியினன். ஆகவே அவன் கொடுத்த முன்பணம் கணக்கேட்டில் கடனாகவும் மனத்தில் உபகாரமாகவும் ஒருங்கே பதிந்தது. வழிச்செலவு, கம்பளி, அரிசி யாவும் தொழிலாளியின் பெயரிலேயே எழுதப்பட்டன. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. செஞ்சோற்றுக்கடன் என்னும் மரபு இங்கே தலைகீழாகின்றது. கர்ணன் துரியோதனனின் சோற்றுக்கு விலைகொடுக்கவில்லை. தோட்டத் தொழிலாளியோ தான் உண்ட சோற்றுக்கு விலைகொடுத்த பின்னரும் அச்சோற்றுக்காக நன்றியுடையவனாக இருக்கவேண்டுமென எதிர்பார்க்கப்பட்டான். மறுபுறத்தில், தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவெனப் 'பென்ஸ் காசு' கங்காணிக்குக் கிடைத்தது. யார் யாருக்குச் சோறிட்டனர் என்பதைக் கணக்கேடே காட்டிவிடுகின்றது.

இவ்வுறவின் தெளிவான சின்னம் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளியின் கடன் தொகை குறிக்கப்பட்ட அச்சீட்டு இன்றி, புதிய தோட்டம் அவனை ஏற்பது அரிது. கடனைத் தீர்த்து அவனைப் பெற்றுக்கொள்ளும் புதிய கங்காணியிடம், அவன் மீண்டும் அதே கடனுக்கு ஆளாகின்றான். ஆள் மாறினும் கடன் மாறுவதில்லை. துண்டின்றி வெளியேறியவன் 'ஓடிப்போனவன்' எனப்பட்டான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், அனுமதியின்றி வேலையை விட்டகல்வதை மட்டுமன்றி, கட்டளைக்குக் கீழ்ப்படியாமையையும் மரியாதையீனத்தையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. ஓர் உள்ளப்பாங்கு சட்டத்தால் தண்டிக்கப்பட்டமை இங்குக் கவனிக்கத்தக்கது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும், வாழ்நாள் முழுவதும் உழைத்தும் தீராத ஒரு கடனைத் தொழிலாளி சுமந்திருக்கின்றான் என்னும் எண்ணம், சீட்டு மறைந்த பின்னரும் நீடித்தது. நன்றிகேடு என்னும் குற்றச்சாட்டு, எழுதப்படாத துண்டாகத் தொடர்ந்தது எனலாம்.

4

தோட்டப்புறத்தில் வழங்கும் பழமொழிகள் தமிழ்ச் சமூகம் முழுமைக்கும் பொதுவானவையே. எனினும் அவற்றின் உருவகங்களைப் பிரித்து நோக்குதல் பயனளிக்கும். உப்பிட்டவரை நினைக்கவேண்டும் என்பதும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்பதும், வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பதும் ஒரே வகையின. அவற்றில் பேசுபவன் வீட்டுக்குரியவன். பழிக்கப்படுபவன் வீட்டை அண்டியவன் அல்லது வளர்ப்புப் பிராணி. நன்றியின் உருவமாக நாயே பெரிதும் எடுத்துக்காட்டப்படுவதும் இதனாலாகும். எசமானனின் நன்றிக்கு உருவமாகத் தமிழில் எந்த விலங்கும் எடுத்துக்காட்டப்படாமை, அதிகாரம் எத்திசையில் பாய்கின்றது என்பதைக் காட்டுகின்றது.

இதற்கு மாறாக நிற்பது, ஏறிய பின் ஏணியை எட்டி உதைத்தான் என்னும் பழமொழி. இங்குப் பழி கீழிருந்து மேல்நோக்கி எழுகின்றது. ஏணி எவருக்கும் உப்பிடவில்லை. தன் தோளை மட்டும் கொடுத்தது. முதல்வகைப் பழமொழிகளின் நன்றிகேடு, கீழ்ப்படியாமையின் மறுபெயர். இரண்டாம் வகையின் நன்றிகேடு, தன்னைத் தாங்கிய உழைப்பை மறத்தல். ஒரே சொல்லால் வழங்கும் இவ்விரண்டையும் வேறுபடுத்தாது போவதே இப்பொருள் பற்றிய குழப்பங்கள் பலவற்றுக்கும் காரணமாகும்.

முதல்வகைக் கருத்து எவ்வாறு உடைபடும் என்பதற்கு ஊவா தரும் சான்று 1940ஆம் ஆண்டுக்குரியது. முல்லோயாத் தோட்டத்தில் அவ்வாண்டு ஜனவரியில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த பின், வேலைநிறுத்த அலை ஊவாவை நோக்கிப் பரவியது. லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய இடங்களுக்கு வந்து பேசினர். பதுளையில் கூட்டத்தைத் தடைசெய்யப் பொலிசார் முயன்றும் கலாநிதி என். எம். பெரேரா பெருந்திரளான மக்கள் முன் உரையாற்றினார். பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தே செயற்படுவதற்குத் தோட்டத்துரை உடன்பட நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்டவெனச் சென்ற ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்பதும் இடதுசாரி இயக்க வரலாற்றிலே பதிவாகியுள்ளது.

அக்காலத் தோட்ட முதலாளிகள் இவ்வெழுச்சிக்குக் கூறிய விளக்கம், திருப்தியோடிருந்த தொழிலாளரை வெளியார் கெடுத்துவிட்டனர் என்பதாகும். வளர்த்த கடா மார்பில் பாய்ந்ததென்ற பழமொழியின் ஆங்கில நிருவாக வடிவமே அது. தொழிலாளி தானாகச் சிந்தித்து முடிவெடுப்பான் என்பதை அவ்விளக்கம் ஏற்பதில்லை. வெவெஸ்ஸச் சபையோ துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவை உபகாரத் தளத்திலிருந்து உடன்படிக்கைத் தளத்துக்கு உயர்த்தியது. உடன்படிக்கையில் இருசாராரும் பேசுவர். எவரும் எவரது உப்பையும் நினைக்கவேண்டியதில்லை. குறுகிய காலமே நிலைத்ததாயினும், ஊவாத் தோட்டத்தில் நன்றி என்னும் சொல்லின் ஆட்சியை முறித்த நிகழ்ச்சி என்றவகையில் அதன் முக்கியத்துவம் பெரிது.

5

சுதந்திரத்துக்குப் பின்னர் இக்கருத்து நாட்டளவில் விரிந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 134,000 பேருக்கே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிலே இரு நாடுகளுக்குமிடையில் சரிபாதியாக்கப்பட்டனர். 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே நாடற்றோர் நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

இக்காலப் பகுதியில் மலையகத் தமிழரைக் குறித்து வழங்கிய பேச்சின் உருவகம், விருந்தினனும் வீட்டாரும் என்பதாகும். வந்தவர்க்கு இடங்கொடுத்தோம், அவர் வீட்டையே கேட்கின்றனர் என்னும் மனக்குறை சிங்களக் கிராமத்தவர் மத்தியில் பரப்பப்பட்டது. அக்குறைக்குப் பின்னால் ஒரு மெய்யான இழப்பு இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஊவாவின் கிராமத்தவர் தம் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் தோட்டங்களிடம் இழந்திருந்தனர். மத்திய, ஊவா மாகாணங்களை ஆராய்ந்து 1951ஆம் ஆண்டிலே வெளிவந்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை, அவர்களது நிலமின்மையையும் வறுமையையும் எடுத்துக்காட்டியது. ஆனால் அந்நிலத்தைக் கவர்ந்தவர் லயத்தில் வாழ்ந்தவரல்லர். நிலம் இழந்த கிராமத்தவனும், நிலமின்றிக் கடல்கடந்த தொழிலாளியும் ஒரே செய்முறையின் இரு விளைவுகள். அச்செய்முறையின் பயனை அடைந்தவன் எவருடைய உருவகத்திலும் இடம்பெறவில்லை. அழைத்தவனும் இடத்தைப் பறித்தவனும் இலாபத்தை எடுத்துச் சென்றவனும் மறைந்துபோக, வறியவனொருவன் மற்றொரு வறியவனை நன்றிகெட்ட விருந்தினனாகக் காணநேர்ந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது இவ்வுருவகத்தின் கொடிய விளைவு வெளிப்பட்டது.

இந்தியாவுக்குச் சென்றோர் நிலையும் இதனின்றும் வேறானதன்று. தாயகம் திரும்பியோர் என அரசேடுகளில் குறிக்கப்பட்ட அவர்கள், நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். அங்கு அவர்களுக்கு வழங்கிய பெயர் 'சிலோன்காரர்'. இரு கரைகளிலும் அவர்கள் வேறொருவரின் வீட்டில் உண்பவராகவே எண்ணப்பட்டனர்.

6

மலையக இலக்கியம் இக்குற்றச்சாட்டுக்கு அளித்த முதல் மறுமொழி, அதனைத் திருப்பிப்போடுதலாக அமைந்தது. நன்றி மறந்தவர் தொழிலாளரல்லர். அவர் உழைப்பில் வளர்ந்த நாடே நன்றி மறந்தது என்பதாகும் அது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழாக்கிய தேயிலைத் தோட்டம் பற்றிய நெடும்பாடல் இதன் உயர்ந்த வெளிப்பாடு. தேயிலையின் அடியில் மண்ணாகிப்போனோருக்கு நினைவுக்கல்லும் இல்லை, நினைவுகூரும் பாடலும் இல்லை என்னும் துயரம் அதன் மையத்தில் நிற்கின்றது. அவர் தொகுத்து 1983ஆம் ஆண்டிலே வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்', நினைவுகூரப்படாதோர் தம்மைத் தாமே நினைவுகூர்ந்தமைக்குச் சான்றாகும்.

இத்திருப்பத்தின் வரலாற்றுப் பணியைக் குறைத்து மதிப்பிட இயலாது. வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்கள், தாம் எவருக்கும் கடன்பட்டவரல்லர் என நிமிர்ந்து கூறுவதற்கு அது மொழி தந்தது. பதுளைவரை 1924ஆம் ஆண்டிலே வந்தடைந்த புகையிரதப் பாதையும், மலைகளைச் சுற்றி ஏறும் வீதிகளும், பல்லாண்டுகளாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய தேயிலையும் சான்றுகளாக அடுக்கப்பட்டன. எனினும் திறனாய்வு இவ்விடத்தில் தயங்கி நிற்கவேண்டியுள்ளது. 'உழைத்தோம், ஆகவே உரிமை தாருங்கள்' என்னும் வாதம், பழைய கணக்கேட்டின் பற்றுவரவுப் பக்கங்களை இடம்மாற்றுகின்றதேயன்றி ஏட்டை மூடிவிடுவதில்லை. உரிமை என்பது சேவைக்கு நாடு செலுத்தும் நன்றியாயின், உழைக்க இயலாத நோயாளிக்கும் முதியவருக்கும் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அவ்வுரிமை எங்கிருந்து வரும்? பறித்த கொழுந்தின் நிறைக்கேற்பப் 'பேர்' என்றும் 'அரைப்பேர்' என்றும் மனிதரை அளந்த தோட்டத்தின் அளவுகோலையே நாமும் கையிலெடுத்ததாக அது முடியக்கூடும்.

ஊவா மண்ணில் தோன்றிய தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) எழுத்து இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகின்றது. ஹாலி எலவை அடுத்த ஊவாக் கட்டவளைத் தோட்டத்திலே பிறந்த அவரது புனைகதைகள், நாட்டுக்குத் தொழிலாளர் ஆற்றிய தொண்டைப் பட்டியலிட்டு நியாயங் கேட்பதில் அதிக நாட்டங் கொண்டவையல்ல. அவை லயத்தின் அன்றாட வாழ்வினுள் புகுந்து, அங்கு மனிதர் மனிதராக வாழமுடியாதிருக்கும் நிலையைக் காட்டுகின்றன. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் உறங்கநேரும் குடும்பத்தின் அவலத்தைப் பொருளாகக் கொண்ட 'மீன்கள்' என்னும் சிறுகதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அக்குடும்பத்துக்கு மற்றோர் அறை வேண்டும் என்பதற்கான நியாயம், அவர்கள் பறித்த கொழுந்தின் அளவில் தங்கியிருக்கவில்லை. அவர்கள் வெட்கமும் மானமும் உள்ள மனிதர் என்பதே போதிய நியாயம். தோட்டத்தின் லயம் உபகாரமாகக் கூறப்பட்டுவந்த சூழலில், அவ்வுபகாரத்தின் உள்ளே புகுந்து அதன் கொடுமையைப் புறஞ்சொல்லாது காட்டியமையே அக்கதையின் வலிமை.

1979ஆம் ஆண்டிலே வெளிவந்த அவரது தொகுதியின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் விடுதலைப் பாடலொன்றை நினைவூட்டும் அத்தலைப்பில், நாடு நமக்குக் கடன்பட்டது என்பதும் இல்லை, நாம் நாட்டுக்குக் கடன்பட்டோம் என்பதும் இல்லை. இங்கே இருக்கின்றோம் என்பது மட்டுமே உண்டு. இருத்தலிலிருந்தே உரிமை பிறக்கின்றது என்னும் இவ்வுணர்வு, நன்றியின் கணக்கேட்டுக்கு வெளியே எடுத்துவைக்கப்பட்ட முதலடிகளுள் ஒன்றாகும்.

7

இனி, ஏணியின் குற்றச்சாட்டை நோக்குவோம். தோட்டப்புறத்திலே கல்விகற்று உயர்ந்த ஒரு மத்தியதர வகுப்பு இன்று உருவாகியுள்ளது. ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வர்த்தகராகவும் பல்கலைக்கழகத்தவராகவும் பதுளை, கண்டி, கொழும்பு நகரங்களில் வாழும் இவர்களுட் சிலர், தம் முகவரியில் தோட்டத்தின் பெயரை மறைப்பதும், பேச்சில் லயத்தின் சாயலைத் துடைப்பதும், பெற்றோரை நண்பருக்கு அறிமுகஞ்செய்யத் தயங்குவதும் நாம் அறியாதனவல்ல. லயத்து மக்கள் இவர்களையே மிகுந்த மனத்தாங்கலோடு நன்றிகெட்டவர் என்கின்றனர்.

இக்குற்றச்சாட்டை முதல்வகையோடு சேர்த்துத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அட்டைக்கடியிலும் மழையிலும் நிரைபிடித்த தாயின் உழைப்பு, மகனின் பெயரில் எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாதிருந்தமையாலேயே அதனை அறிதல் அறமாகின்றது. அதேவேளை, மறைப்பவனையும் விளங்கிக்கொள்ளவேண்டும். 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் வழங்கும் ஒரு சமூகம், யாழ்ப்பாணத்துத் தமிழரும் உட்படவே அச்சொல்லை வழங்கிய ஒரு சமூகம், முகவரியை மறைக்குமாறு அவனைத் தூண்டிவிட்டுப் பின்னர் அவனது நன்றிகேட்டைப் பற்றிப் பேசுகின்றது. வெட்கத்தைப் புகட்டியோரின் பங்கு இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

இந்நிலையில், தான் வாழ்ந்து பணிபுரிந்த தோட்டமொன்றின் பெயரையே தன் பெயரின் முன் நிரந்தரமாகச் சூடிக்கொண்ட ஓர் எழுத்தாளரின் செயல் பொருள் பொதிந்ததாகின்றது. தலைநகரை அடைந்த பின்னரும் அவர் 'தெளிவத்தை' ஜோசப்பாகவே எழுதினார். அப்பெயராலேயே 2013ஆம் ஆண்டிலே தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருதையும் பெற்றார். எந்தத் துரையும் கேட்டு வாங்காத நன்றி அது. செய்ந்நன்றியறிதல் என்னும் பழஞ்சொல்லின் மூலப்பொருள் இங்கே உயிர்பெறுகின்றது எனலாம்.

8

நன்றியின் அரசியல் இன்னும் முடிந்துவிடவில்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகிப் பின் 1992ஆம் ஆண்டு முதல் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறிய பின்னரும், கூலி பற்றிய ஒவ்வொரு பேச்சிலும் லயம், பிள்ளைக்காம்பரா, மருந்து என்பன தோட்டம் வழங்கும் சலுகைகளாக எடுத்துக்காட்டப்படுகின்றன. 2021ஆம் ஆண்டிலே சம்பளச்சபை நாட்கூலியை 1,000 ரூபாவாக நிர்ணயிப்பதற்கு முன் நடந்த நீண்ட இழுபறியிலும் இக்கணக்கே பேசப்பட்டது. தொழிற்சங்கத் துறையிலும், தலைமை பெற்றுத்தந்தவற்றை நினைத்து வாக்களித்தல் தொழிலாளியின் கடமையென உணர்த்தப்படுகின்றது. சந்தா செலுத்துபவன் தொழிலாளி. அச்சந்தாவால் இயங்கும் சங்கம் அவனுக்காகப் பேசுவது அதன் கடமை. கடமையை உபகாரமாக்கிக் காட்டும்போது, சங்கத்தை மாற்ற எண்ணும் தொழிலாளி மீண்டும் துண்டின்றி ஓடிப்போனவனாகின்றான்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அனர்த்தத்தின் பின் நாடெங்குமிருந்து உதவிகள் குவிந்தன. அவை மனிதநேயத்தின் வெளிப்பாடுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனர்த்தத்துக்கு முன் உரிமையாக மறுக்கப்பட்ட பாதுகாப்பான வீடு, அனர்த்தத்துக்குப் பின் அன்பளிப்பாக வழங்கப்படும் முறைமை சிந்தனைக்குரியது. உரிமையாகக் கிடைத்திருப்பின் எவரும் எவர்க்கும் தலைவணங்கவேண்டியிராத ஒன்று, அன்பளிப்பாக மாறும்போது பெறுவோரிடம் நன்றியையும் கேட்கின்றது.

2023ஆம் ஆண்டிலே, மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. தமது வரலாறும் பங்களிப்பும் அங்கீகரிக்கப்படவேண்டும் என்பது அதில் ஒலித்த கோரிக்கைகளுள் ஒன்று. அங்கீகாரம் என்னும் சொல்லை நன்றி என்பதிலிருந்து வேறுபடுத்திக்கொள்ளுதல் நன்று. நன்றி கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையிலான மேல்கீழ் உறவைத் தக்கவைக்கக்கூடியது. அங்கீகாரம் நடந்ததை நடந்ததென ஏற்பது. அது சமமானவர்க்கிடையிலேயே இயலும்.

ஆகவே நன்றியறிதலைக் கைவிடவேண்டுமென்பது நமது முடிபன்று. கூடை நிறையாத பக்கத்து நிரைக்காரிக்குத் தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளிப்போடும் பெண்ணும், சாவுவீட்டில் கேளாமலே அடுப்பு மூட்டும் அயலவரும் இவ்வறத்தை நாள்தோறும் வாழ்ந்துகாட்டுகின்றனர். இன்று கொடுத்தவள் நாளை பெறுபவளாவாள் என்பதால் அங்கே எவரும் எவருக்கும் எசமானராவதில்லை. நன்றி உயிர்த்திருப்பதற்குரிய நிலம் இச்சமத்துவமே. அது இல்லாத இடத்தில் ஒருவரை நன்றிகெட்டவர் எனப் பிறர் கூறக் கேட்கும்போது, ஆய்வாளனும் இலக்கிய மாணவனும் முதலில் எழுப்பவேண்டிய வினா, அவர் மறந்த நன்மை யாது, அதற்கு விலைகொடுத்தவர் யார் என்பதாகும். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில் அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை, பெரும்பாலும், குற்றஞ்சாட்டப்பட்டவரே விலைகொடுத்தார் என்பதாகவே உள்ளது.